டெம்சி சொல்லாத சாட்சி

சபையில் டெம்சி சொல்லும் சாட்சி எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவான், எந்த இடத்தில் கைக்குட்டையை எடுப்பான், எந்த இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து 'ஸ்தோத்திரம்' வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். "பிசாசு என் கையப் பிடிச்சு கிளாஸ எடுக்க வச்சான்" என்று ஆரம்பிப்பான். பிசாசு அவனைச் சேற்றுக்குள் இழுத்தான், பிசாசு அவன் கண்ணைக் கட்டினான். பிறகு ஆண்டவர் வந்தார், தூக்கினார், கழுவினார், நிறுத்தினார். முழுச் சாட்சியிலும் டெம்சி என்கிற ஆள் ஒரு வேலையும் செய்யமாட்டான். ஒருத்தர் தள்ளிவிடுவார், ஒருத்தர் தூக்கிவிடுவார், இவன் நடுவில் மூட்டை மாதிரி கிடப்பான்.

அதன் நடுவில் ஒரே ஒரு வரி வரும். "அந்த நாட்களில்தான் என் நண்பனுக்கு ஒரு விபத்து நேர்ந்தது." அந்த நண்பன் என் கணவன் நோல்டி. முதல் வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். நான் பின்னால் நின்று நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருப்பேன். கை சும்மா இருந்தால் பாட்டுப் புத்தகத்தை எடுத்து டெம்சிமேல் வீசிவிடுவேனோ என்று எனக்கே பயம்.

எங்கள் மலையில் கிராம்பு அறுவடையை யாரும் தனியாகச் செய்வதில்லை. மாப்பாலுஸ்தான். இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம் என்று முறைவைத்துக் கூட்டமாகப் போவோம். காலையில் தோட்டக்காரர் வீட்டில் பூசணிக்காய் போட்ட கஞ்சி, சுட்ட மீன், நாக்கைப் பிடுங்கும் மிளகாய்த் துவையல். கூடவே குளிருக்கென்று ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் பனஞ்சாராயம். ஒரு கிளாஸ் வழக்கம். வேண்டாம் என்பவனை உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

கிராம்பு மரம் உயரமாக வளரும், கிளையோ ஒல்லி, ஆளைத் தாங்காது. அதனால் நீள மூங்கில் ஏணியை மரத்தோரம் நட்டு, அதன் உச்சியிலிருந்து நாலு பக்கமும் கயிறு இழுத்துப் பக்கத்து மரங்களில் கட்டுவோம். ஏணி நிற்பது மரத்தை நம்பி அல்ல, கயிற்றை நம்பி. ஏறுகிறவன் ஒருவன், கட்டுகிறவன் ஒருவன். அந்த ஜோடியை லேசில் மாற்றமாட்டார்கள். நோல்டி ஏறுவான், டெம்சி கட்டுவான். நாங்கள் மூன்று பேரும் ஒரே வயது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சபையில் திடப்படுத்தல் எடுத்தவர்கள். எங்கள் கல்யாணத்தில் நோல்டிக்குக் கழுத்துப்பட்டை கட்டிவிட்டதுகூட டெம்சிதான்.

நோல்டி விழுந்த அன்று டெம்சி ஒரு கிளாஸோடு நிறுத்தவில்லை. நோல்டி உச்சிக்குப் போய்ப் பாதிக் கூடை பறித்திருப்பான். மேட்டுப் பக்கத்துக் கயிறு விட்டுப்போனது. ஏணி மெதுவாகத் திரும்பி, பிறகு ஒரேயடியாகச் சரிந்தது. நான் கீழே பாயில் மொட்டுகளைக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை. விழுந்த சத்தம்தான் கேட்டது. இடுப்புக்குக் கீழே அவன் பிறகு எதையும் உணரவில்லை.

மனாடோ பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் நான் அந்த மேட்டுக்குப் போனேன். கயிறு புல்லில் கிடந்தது. அறுந்திருக்கவில்லை, அவிழ்ந்திருந்தது. ஊரோ அதற்குள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்திருந்தது. கயிறு இற்றுப்போயிருந்தது என்றார்கள். தோட்டத்து மூதாதைக்குச் சொல்லாமல் மரத்தில் கை வைத்ததால் என்றார்கள். பிசாசின் வேலை என்றார்கள். அப்போதிருந்த போதகர் வீட்டுக்கு வந்து, இது ஆண்டவர் வைத்த சோதனை என்று ஜெபித்துவிட்டுப் போனார். வானத்திலும் பாதாளத்திலும் தேடிப் பார்த்தார்களே தவிர, கட்டினவன் கையை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் காலை யார் யார் எத்தனை கிளாஸ் போட்டார்கள் என்ற பேச்சு வரும்.

டெம்சியைக் கெட்டவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அன்றோடு குடியை விட்டான். அவன் கொண்டுவந்த விறகில்தான் என் அடுப்பு எரிந்தது. கூரைத் தகடு மாற்றினான். நோல்டியைக் குளிப்பாட்ட ஆள் வேண்டுமென்றால் வந்து நிற்பான். புதன்கிழமை வீட்டு ஆராதனை எந்த வீட்டில் நடந்தாலும், படி இருந்தால் நோல்டியை முதுகில் தூக்கிக்கொண்டு போவான். சாயங்காலம் இருவரும் எங்கள் முன்னறையில் டோமினோக் காய் ஆடுவார்கள். தோற்றவன் காதில் துணி உலர்த்தும் கிளிப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கிழட்டுக் குரங்குகள் காதில் கிளிப்போடு சிரித்துக்கொண்டிருக்கும். விறகு கொண்டுவந்தான், மீன் கொண்டுவந்தான், தகடு கொண்டுவந்தான். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் கொண்டுவரவில்லை.

இதற்கிடையில் அவன் சாட்சி மலை முழுக்கப் பரவிவிட்டது. தொமொஹோன் டவுனிலிருந்துகூட வண்டி அனுப்பி அழைத்துப்போனார்கள். குடிகாரக் கணவன்களை வைத்திருக்கும் பெண்கள் அவன் கையைப் பிடித்து அழுவார்கள். திரும்பி வரும்போது கேக் பொட்டலத்தோடு வருவான், பாதியை நோல்டிக்குக் கொடுப்பான். அந்தக் கேக்கை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

ஒருநாள் என்னால் முடியவில்லை. நோல்டிக்கு முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "வர்ற ஞாயித்துக்கிழமை அவன் மறுபடியும் 'விபத்து நேர்ந்தது'ன்னு சொல்லட்டும். எல்லார் முன்னாடியும் கேக்கப்போறேன், கயிறக் கட்டினது பிசாசா, நீயான்னு" என்றேன்.

"கேக்காத" என்றான் நோல்டி.

"ஏன், உன் சிநேகிதன் மானம் போயிடுமா?"

"நீ கேட்டு அவன் சொன்னா, அது நீ புடுங்கினது. அவனா சொல்லணும்."

"அவன் சொல்றதுக்குள்ள நாம கல்லறைக்குப் போயிடுவோம்."

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். "மேய்ஸ்கே, அவன் கட்டும்போது நான் பாத்தேன்" என்றான்.

"என்னத்த?"

"அவன் கை நடுங்கிச்சு. ரெண்டு சுத்து சுத்தி இறுக்கணும். ஒரு சுத்தோட விட்டுட்டான். ஏணியில நாலு படி ஏறி நின்னு பாத்துட்டேதான் இருந்தேன். எறங்கிப் போய் இன்னொரு தடவ கட்டியிருக்கலாம். 'டேய், சரியாக் கட்டுடா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எல்லாருக்கும் தெரியும் அவன் தடுமாறுறான்னு. சிரிப்பாங்க. இல்ல, அதுகூட பொய்." நோல்டி தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எறங்க சோம்பேறித்தனம். நானும் ரெண்டு போட்டிருந்தேன். ஒண்ணும் ஆகாது, ஆண்டவர் பாத்துக்குவார்னு ஏறிட்டேன். அது என் பாதி. அத பிசாசுகிட்டயும் குடுக்க முடியாது, டெம்சிகிட்டயும் குடுக்க முடியாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் என்னிடம்கூடச் சொல்லவில்லை. "அப்ப இத அவன்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நான் மொதல்ல சொன்னா, அவன் தன் பாதியையும் என் மடியிலேயே போட்டுட்டு நிம்மதியாப் போயிடுவான். அவனப் பத்தி எனக்குத் தெரியும். அவன் சொல்லட்டும். அவன் சொல்ற அன்னிக்கு நானும் சொல்லுவேன். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து ஜெபம் பண்ணுவோம். அதுவரைக்கும் அவன்கூட டோமினோ ஆடுறேன், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு டெம்சி வாசலில் நுழையும்போதெல்லாம் நோல்டியின் முகத்தைத்தான் பார்ப்பேன். அது நிமிரும். காத்திருக்கிற முகம். டெம்சி உட்காருவான், காய்களைக் கலைப்பான், மழையைப் பற்றிப் பேசுவான். நோல்டியின் முகம் மெதுவாகப் பழைய இடத்துக்கு வரும். இதைப் பார்ப்பதைவிட அந்தப் புண்ணைத் துடைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

எங்கள் சபையில் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து ஒரு வட்டம் என்பார்கள். வட்டத்துக்கு ஒரு மூப்பர். அந்த வருஷத் தேர்தலில் எங்கள் வட்டத்தில் டெம்சியின் பெயரைத் தவிர வேறு பெயரே அடிபடவில்லை. நான் என் சீட்டை வெறுமையாக மடித்துப் போட்டேன். நோல்டி டெம்சியின் பெயரை எழுதினான். "எழுதாம? நல்ல மூப்பரா இருப்பான்" என்றான்.

அன்று சாயங்காலம் டெம்சி வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றுமில்லை. அப்படி வெறுங்கையோடு அவன் வந்து நான் பார்த்ததில்லை. காய்களையும் எடுக்கவில்லை. நோல்டியின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் அடுப்பைக் குறைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நோல்டி, அடுத்த மாசம் மூப்பர் அபிஷேகத்துக்கு சபைக்கு முன்னாடி முழங்கால் போடணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு..." என்றான்.

"சொல்லு."

"அன்னிக்கு மேட்டுல..."

நோல்டி கையை ஊன்றி உடம்பை நிமிர்த்தினான். "ம். சொல்லுடா."

அவன் வாய்வரை வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. சட்டென்று சாட்சி சொல்லும் அந்தக் குரல் வந்தது. "அன்னிக்கு மேட்டுல ஆண்டவர் நம்ம ரெண்டு பேரையும் வேற வேற வழியில அழைச்சார், இல்லையா? அவர் கணக்கு நமக்கு எங்க புரியுது. எல்லாம் அவர் சித்தம்."

நோல்டி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஆமா, அவர் சித்தம்" என்றான் கடைசியில். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, தூக்கம் வருகிறது என்று சொன்னான். டெம்சி ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மழை பிடித்த பிறகு நோல்டிக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீரகத்தில் கிருமி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களுக்கு வருவதுதான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சேர்த்தோம். டெம்சி ராத்திரியும் பகலும் கூடவே இருந்தான். மூன்றாம் முறை சேர்க்க வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. கடைசி நாட்களில் நோல்டி ஏதேதோ பிதற்றினான். ஒருமுறை தெளிவாக என் மணிக்கட்டைப் பிடித்து, "அவன் சொன்னா, நீ சொல்லிடு" என்றான். அது அவன் என்னிடம் விட்டுப்போன ஒரே வேலை.

சாவு வீட்டில் சாயங்கால ஆறுதல் ஆராதனையை அந்த வட்டத்து மூப்பர்தான் நடத்த வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் நின்று ஜெபித்து, இறந்தவரைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் வட்டத்து மூப்பர் யார்? அபிஷேகமாகி முழுசாக இரண்டு மாதம்கூட ஆகாத டெம்சி கலாலோ. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டு முன்னால் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் தெருவரை நிறைந்திருந்தன. பின்பக்கம் ஆண்கள் பன்றிக்கறியை மூங்கில் குழாயில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சபையின் புதுப் போதகர் ஒரு இளம் பெண். அந்தப் போதகர் அம்மா முன்வரிசையில் இருந்தார், எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாட்டு முடிந்தது. டெம்சி பெட்டியின் தலைமாட்டுக்கு வந்தான். நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவனை எல்லாரும் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? பிடித்த பாட்டைப் பாடப்போகிறவனைப் பார்ப்பதுபோல.

அவனும் அதையே ஆரம்பித்தான். "பிசாசு என் கையப் பிடிச்சு..."

நின்றுவிட்டான். பெட்டிக்குள் பார்த்தான். நோல்டிக்கு அவனேதான் கழுத்துப்பட்டை கட்டிவிட்டிருந்தான். மறுபடியும் ஆரம்பித்தான், "பிசாசு என் கைய..." முடியவில்லை. யாரோ தண்ணீர் கொடுங்கள் என்றார்கள். டெம்சி கையைக் காட்டி வேண்டாம் என்றான்.

"என் கைய யாரும் பிடிக்கல" என்றான். சாட்சிக் குரல் இல்லை. டோமினோ ஆடும்போது பேசுகிற குரல். "மூணு கிளாஸ் நானேதான் குடிச்சேன். யாரும் ஊத்தி விடல. மேட்டுப் பக்கத்துக் கயிற நான்தான் கட்டினேன். ரெண்டு சுத்து வரணும், ஒண்ணுதான் வந்துச்சு. எனக்கு அது தெரியும். கட்டும்போதே தெரியும். போதும்னு விட்டேன். இவன் நடக்காமப் போனது என்னால. இவன் செத்ததும் அதனாலதான். இத்தன வருஷமா ஊர் ஊராப் போய் வேற ஒரு கதைய சொல்லிட்டு வந்தேன். அதுக்கு உங்ககிட்டருந்து கைதட்டும் வாங்கினேன்."

பின்னால் யாரோ பழக்கத்தில் 'ஸ்தோத்திரம்' என்று தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்டார்கள். போதகர் அம்மா எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். நல்ல மனசுதான் அவருக்கு. "மூப்பரே, உங்கள இன்னிக்குப் பேச வச்சது ஆண்டவர்" என்றார்.

"இல்லம்மா" என்றான் டெம்சி. "அவரு ரொம்ப நாளாப் பேசுன்னுதான் சொல்லிட்டிருந்தாரு. பேசாம இருந்தது நான்."

பிறகு முழங்கால் போட்டான். ஜெபம் செய்ய அவனால் முடியவில்லை. போதகர் அம்மாதான் முடித்துவைத்தார்.

அந்த வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்டால் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. அதைக் கேட்க வேண்டிய காது எனக்கு எதிரில் பெட்டிக்குள் பஞ்சடைத்துக் கிடந்தது. இந்த மழை பிடிக்கும் முன்பு சொல்லியிருந்தால் போதும். அந்த வெள்ளைச் சட்டை நாளில் சொல்லியிருந்தால் போதும். எனக்கு டெம்சிமேல் இருந்த கோபம்கூட அழுகையாக மாறியது. யாருக்காக அழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை டெம்சி பந்தலைப் பிரிக்க வந்தான். தார்ப்பாயை மடித்து, நாற்காலிகளை அடுக்கினான். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். அவன் கப்பைத் தொடவில்லை. படியில் உட்கார்ந்தான்.

என்னிடம் நோல்டியின் பாதி இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதை மறைக்க மாட்டேன். முழுசும் இவனே சுமக்கட்டுமே, எனக்கென்ன? ஆனால் அது என் பொருள் அல்ல, நோல்டியுடையது. அதனால் சொன்னேன். ஏணியில் நாலு படி ஏறி நின்று பார்த்தது, ஒரு சுற்றைப் பார்த்தது, இறங்கச் சோம்பல்பட்டது, எல்லாவற்றையும் அவன் சொன்னபடியே சொன்னேன்.

கேட்டு முடித்ததும் டெம்சிக்குப் பாரம் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். அவன் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் போய்விட்டது.

"பாத்தானா?" என்றான். "அப்ப ஆரம்பத்துலருந்தே அவனுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே என் கூட ஆடிட்டிருந்தானா?"

"நீ சொல்லுவன்னு ஒக்காந்திருந்தான். நீ சொன்ன அன்னிக்கு அவனும் சொல்லலாம்னு. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து ஜெபம் பண்ணணும்னு சொன்னான்."

டெம்சி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "அவன் திட்டுவான்னு பயந்தேன், மேய்ஸ்கே. ஒரு தடவ திட்டியிருந்தா சொல்லியிருப்பேன்."

"அதையும் அவனே செய்யணுமா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று சொன்னானா, ஆமாம் என்று சொன்னானா, தெரியவில்லை. "அவன் பாதிய வச்சு என்னோடத நான் கொறச்சுக்க மாட்டேன்" என்றான். "அது அவனோடது. அவன் அதக் கொண்டுபோய் ஆண்டவர்கிட்ட சொல்லியிருப்பான். என்னோடது அப்படியேதான் இருக்கு."

"சரி."

"தேர்தல் முடிஞ்சு வந்தேனே, அன்னிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு."

"பாத்தேன். அவனும் பாத்தான்."

தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு நடந்தார்கள். டெம்சி எழுந்து, தார்ப்பாய்ச் சுருளைத் தோளில் போட்டான். போகாமல் நின்றான்.

"மேய்ஸ்கே, அவன் என்ன மன்னிச்சுட்டானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பந்தலில் பேசியதிலிருந்து ஊரே அவனிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நோல்டியின் குணம் தெரிந்த யாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். எனக்கும் அது நிஜம் என்றுதான் படுகிறது. ஆனால் நோல்டி என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?

"தெரியாது, டெம்சி" என்றேன். "அவன் இருக்கும்போது கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."